நீலகிரியில் டியூப்லெஸ் சைக்கிள் டயர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கம் சைக்கிள் ஓட்டுபவர்களும் மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறி வருபவர்களும் டியூப்லெஸ் டயர் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இங்கே இருக்கின்றன. கியர் சைக்கிள், மலை சைக்கிள், ரோடு சைக்கிள் மூன்றுக்கும் பொதுவானவை இவை. எங்கே வேறுபடுகிறதோ அங்கே தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

டியூப்லெஸ் போட்டால் பஞ்சரே ஆகாதா?

ஆகும். முள் குத்தும், கொஞ்சம் காற்றும் போகும். ஆனால் டயருக்குள் ஊற்றி வைத்திருக்கும் சீலன்ட் என்கிற திரவம் காற்றோடு சேர்ந்து ஓட்டைக்கு ஓடி வந்து அங்கேயே உறைந்து அடைத்துவிடும். 2, 3 மி.மீ. வரையிலான ஓட்டைகள் பெரும்பாலும் ஓட்டுபவருக்குத் தெரியாமலே அடைபடும். 5, 6 மி.மீ. வரை போனால் ஓட்டையை அடைக்கும் பிளக் என்ற சிறிய ரப்பர் திரியைச் சொருக வேண்டும். அதற்கும் மேல் கிழிந்தால் டியூப்தான்.

இன்னொரு லாபம் கல்லில். காற்று குறைவாக இருக்கும்போது கல்லில் மோதினால் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே டியூப் நசுங்கி, பாம்பு கடித்ததுபோல் இரண்டு ஓட்டை விழும். டியூபே இல்லையென்றால் அந்தப் பஞ்சரும் இல்லை. அதனால் காற்றைக் குறைத்து ஓட்டலாம். எஸ்டேட் மண் பாதையிலும் மழையில் நனைந்த தாரிலும் பிடிமானம் நன்றாகக் கூடும்.

நீலகிரிக்காரர்களுக்கு இது ஏன் முக்கியம் என்றால், இங்கே பல இடங்களில் நின்று பஞ்சர் ஒட்டவே முடியாது. முதுமலை புலிகள் காப்பகத்துச் சாலையில் வண்டியை நிறுத்தக் கூடாது. சீகூர், மசினகுடி பக்கம் யானை எந்த நேரமும் சாலைக்கு வரும். சக்கரத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உட்காரும் இடங்கள் அல்ல அவை.

என் சைக்கிளில் இப்போது டியூப் இருக்கிறது. அப்படியே மாற்றிவிடலாமா?

முதலில் ரிம்மைப் பாருங்கள், பிறகு டயரை. இரண்டும் டியூப்லெஸ்ஸுக்கென்றே செய்யப்பட்டவையாக இருக்க வேண்டும். ரிம்மில் “டியூப்லெஸ் ரெடி” என்றோ அதன் சுருக்கமோ ஸ்டிக்கரில் இருக்கும். ஸ்டிக்கர் போய்விட்டிருந்தால் டயரைக் கழற்றி ரிம்மின் உள்பக்கம் பாருங்கள். நடுவில் ஒரு பள்ளம், அதன் இரு பக்கமும் தட்டையான திட்டு, திட்டு முடியும் இடத்தில் மெல்லிய மேடு, இவை மூன்றும் இருக்க வேண்டும். டயரின் ஓரக் கம்பியைப் பீட் என்பார்கள். அது அந்தத் திட்டில் ஏறி உட்கார்ந்து, மேட்டைத் தாண்டி உள்ளே நழுவாமல் நிற்க வேண்டும். சாதாரண ஒற்றைச் சுவர் ரிம்மில் இந்த அமைப்பு கிடையாது. அதில் எவ்வளவு டேப் சுற்றினாலும் நிற்காது.

டயரின் பக்கச் சுவரில் உள்ள எண்ணையும் பாருங்கள். 622 என்றால் 700சி, 29 இன்ச் இரண்டும் அதில் அடங்கும். 584 என்றால் 27.5 இன்ச், 559 என்றால் 26 இன்ச். ரிம்மிலும் டயரிலும் இந்த எண் ஒன்றாக இருக்க வேண்டும்.

சாதாரண டயரை டியூப்லெஸ் ரிம்மில் ஏற்றிச் சீலன்ட் ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். அதன் பீட் காற்றழுத்தத்தில் நீண்டு ரிம்மை விட்டுக் கழன்றுவிடக்கூடும். கொண்டை ஊசி வளைவில் முன் டயர் அப்படிக் கழன்றால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ரிம் ஓரத்தில் கொக்கி இல்லாத ரகம் இருந்தால் இன்னும் கவனம் தேவை. அதற்கு ஏற்றது என்று டயர் கம்பெனியே சொல்லியிருக்கும் டயரை மட்டும் போடுங்கள். காற்று எந்தக் காரணத்துக்காகவும் 72.5 பி.எஸ்.ஐ.யை (காற்றழுத்தத்தின் அலகு) தாண்டக் கூடாது.

என்னென்ன வாங்க வேண்டும்?

டியூப்லெஸ் ரிம் டேப் ஒரு ரோல், கோர் (வால்வுக்குள் திருகியிருக்கும், காற்றைத் திறந்து மூடும் பகுதி) கழற்றக்கூடிய பிரெஸ்டா எனும் மெல்லிய சைக்கிள் வால்வு இரண்டு, சீலன்ட், கோர் கழற்றும் சிறிய சாவி, சீலன்ட் ஏற்ற 60 மி.லி. சிரிஞ்ச், ரிம் துடைக்க ஐசோபுரோபைல் ஆல்கஹால், பிளக் செட். மருந்துக் கடையில் கிடைக்கும் பெரிய சிரிஞ்சே போதும். நுனியில் வால்வுக்குள் போகும் அளவு சிறிய குழாயைச் செருகிக்கொள்ளலாம்.

டேப் ரிம்மின் உள் அகலத்தைவிட 2 முதல் 4 மி.மீ. கூடுதலாக இருக்க வேண்டும். உள் அகலம் 25 மி.மீ. என்றால் 27 முதல் 29 மி.மீ. டேப். வால்வின் நீளம் ரிம்மின் ஆழத்தைவிட 15 முதல் 20 மி.மீ. அதிகமாக இருக்கட்டும், இல்லையென்றால் பம்பின் தலை பிடிக்காது. வால்வு ஓட்டையையும் அளந்துகொள்ளுங்கள். பிரெஸ்டாவுக்கு ஓட்டை 6.5 மி.மீ. இருக்கும். கார் வால்வுக்கான 8.5 மி.மீ. ஓட்டையுள்ள ரிம் என்றால் அதே ரக டியூப்லெஸ் வால்வு வாங்குவதுதான் நேர்வழி.

டேப்பில் மட்டும் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். பேக்கிங் டேப், கரண்ட் வேலைக்கான இன்சுலேஷன் டேப் இரண்டின் பசையும் சீலன்ட் பட்டதும் இளகிவிடும். சைக்கிள் டேப் கிடைக்கவில்லையென்றால் டெசா 4289 என்ற மஞ்சள் ஸ்ட்ராப்பிங் டேப் பலர் பயன்படுத்தி நின்ற மாற்று.

டேப் எப்படி ஒட்டுவது?

டியூப்லெஸ்ஸில் வரும் தொல்லைகளில் பெரும்பங்கு இங்கேதான் தொடங்குகிறது. அவசரம் வேண்டாம். ஒரு சக்கரத்துக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

பழைய டேப்பை உரித்து, பசை ஒட்டியிருந்தால் ஆல்கஹால் நனைத்த துணியால் முழுக்கத் துடையுங்கள். ஸ்போக் ஓட்டைகளின் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். கூர்மையான பிசிறு இருந்தால் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். டேப்பை அறுப்பது அதுதான்.

ரிம் நன்றாகக் காய வேண்டும். சமவெளியில் இது ஒரு விஷயமே இல்லை. ஆனால் ஜூலையில் நடுவட்டத்திலோ நவம்பரில் கோத்தகிரியிலோ பனிமூட்டம் வீட்டுக்குள்ளேயே வந்து நிற்கும்போது அலுமினியத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஈரப் படலம் இருக்கும். 12 டிகிரி குளிரில் டேப்பின் பசையும் சரியாகப் பிடிக்காது. தலைமுடி காயவைக்கும் டிரையரால் ரிம்மைச் சுற்றிலும் வெதுவெதுப்பாகும் வரை சூடாக்கிவிட்டு ஒட்டுங்கள். டிரையர் இல்லையென்றால் நல்ல வெயில் அடிக்கும் நாளுக்குத் தள்ளிப்போடுங்கள்.

வால்வு ஓட்டையிலிருந்து ஒரு சாண் தள்ளித் தொடங்குங்கள். சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, டேப்பை இழுத்துப் பிடித்தபடி ஒவ்வொரு சாணாக ஒட்டிக்கொண்டே போங்கள். இழுவை குறைந்தால் நடுப் பள்ளத்தில் டேப் பாலம்போல் தூக்கி நிற்கும், அதன் அடியில் காற்று தங்கும். இரு ஓரமும் பீட் உட்காரும் திட்டை முழுவதும் மூட வேண்டும், ஆனால் ரிம்மின் சுவரில் ஏறக் கூடாது. சுற்றி வந்து வால்வு ஓட்டையைத் தாண்டி 10 முதல் 15 செ.மீ. மேல்பொருத்தி வெட்டுங்கள். மலை சைக்கிளுக்கு ஒரு சுற்று போதும். 50 பி.எஸ்.ஐ.க்கு மேல் அடிக்கும் ரோடு சக்கரத்துக்கு இரண்டு சுற்று.

ஒட்டியதும் ஒரு துணியால் நடுப் பள்ளத்திலிருந்து ஓரங்களை நோக்கி அழுத்தித் தேயுங்கள். பிறகு டியூப் போட்டு டயரை மாட்டி, காற்றடித்து ஓர் இரவு விடுங்கள். டியூபின் அழுத்தம் டேப்பை ரிம்மோடு இறுக்கிவிடும். பலர் விட்டுவிடும் வேலை இது. குளிர்ப் பகுதியில் இதைக் கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் வால்வுக்கு ஓட்டை போடும்போது கத்தியால் கீறாதீர்கள். கீறல் நீண்டுகொண்டே போகும். ஊசியையோ சிறிய ஆணியையோ சூடாக்கிக் குத்தினால் வட்டமாக உருகி நிற்கும். வால்வைச் செருகி, வெளியே உள்ள நட்டை விரலால் மட்டும் இறுக்குங்கள். குறடு போட்டு இறுக்கினால், வழியில் டியூப் போட வேண்டிய நேரத்தில் அதைக் கழற்ற முடியாமல் நிற்பீர்கள்.

டயர் ஏற்றும் முறை என்ன?

டயரில் சுழலும் திசை காட்டும் அம்புக்குறி இருந்தால் முதலில் அதைப் பாருங்கள். ஒரு பக்க பீட்டை முழுதாக ஏற்றிவிட்டு, மறு பக்கத்தை வால்வுக்கு எதிர்முனையில் தொடங்கி வால்வில் முடியுங்கள். வால்வின் அடி ரப்பர் பள்ளத்தை அடைத்துக்கொண்டிருப்பதால் அங்கே பீட் இறங்காது. அதனால் அந்த இடம் கடைசியாக வரட்டும். ஏற்றும்போது எதிர்ப்பக்க பீட் நடுப் பள்ளத்தில் கிடக்கிறதா என்று விரலால் அழுத்திக்கொண்டே வாருங்கள். பள்ளத்தில் கிடந்தால் சில மி.மீ. தளர்வு கிடைக்கும், டயர் லீவர் இல்லாமல் கையாலேயே ஏறிவிடும். இரும்பு லீவர் போட்டால் டேப் கிழியும்.

பெட்டியிலிருந்து மடித்த நிலையில் வரும் புது டயர் குளிரில் விறைத்திருக்கும். அரை நாள் வெயிலில் விரித்துப் போட்டால் வேலை பாதியாகக் குறையும்.

முதல் முறை சீலன்ட் ஊற்றாமலே காற்றடித்துப் பாருங்கள். உட்காரவில்லையென்றால் தரையெல்லாம் சீலன்ட் ஆகாமல் தப்பிக்கலாம். சோப்புத் தண்ணீரைத் துணியில் நனைத்து இரு பக்க பீட்டிலும் தடவுங்கள். வால்வின் கோரைக் கழற்றிவிட்டு, நின்று அடிக்கும் பெரிய பம்பால் வேகமாக அடியுங்கள். “டப், டப்” என்று சத்தம் வரும். அது பீட் திட்டில் ஏறும் சத்தம், பயப்பட வேண்டாம். பக்கச் சுவரில் அச்சிட்டிருக்கும் அதிகபட்ச அழுத்தத்தை மட்டும் தாண்டாதீர்கள். ரிம்மில் அதைவிடக் குறைந்த வரம்பு போட்டிருந்தால் அதுதான் கணக்கு. கண்ணாடி அணிந்துகொண்டு அடிப்பது நல்லது.

பிறகு ரிம்முக்கு மேலே டயரில் ஓடும் மெல்லிய கோட்டைப் பாருங்கள். சக்கரத்தைச் சுற்றினால் அந்தக் கோடு ரிம்மிலிருந்து எங்கும் ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். ஓரிடத்தில் உள்ளே அமுங்கியிருந்தால் அங்கே பீட் ஏறவில்லை. காற்றை இறக்கி, அந்த இடத்தில் மட்டும் சோப்புத் தண்ணீர் தடவி மறுபடி அடியுங்கள்.

எவ்வளவு அடித்தாலும் டயர் உட்காரவில்லை, அடிக்கிற காற்றெல்லாம் வெளியே போகிறது.

காற்று உள்ளே வரும் வேகத்தைவிட வெளியே போகும் வேகம் அதிகம். அவ்வளவுதான். ஊட்டியில் காற்றே லேசு என்பதால் ஒவ்வொரு அடியிலும் உள்ளே போகும் காற்றும் குறைவு. மேட்டுப்பாளையத்தில் 40 அடியில் ஏறும் அழுத்தத்துக்கு இங்கே ஏறக்குறைய 50 அடி வேண்டும்.

கோர் கழற்றியாயிற்றா என்று பாருங்கள். அடுத்து, சக்கரத்தைத் தரையில் ஊன்றாமல் தொங்கவிட்டு அடியுங்கள். தரையில் அழுந்தும் இடத்தில் பீட் விலகி இடைவெளி விழும். அதுவும் பலிக்கவில்லையென்றால் டியூப் போட்டு இரு பக்கமும் உட்கார வைத்துவிட்டு, ஒரே பக்க பீட்டை மட்டும் எடுத்து டியூபை உருவுங்கள். இப்போது ஒரு பக்கம்தான் உட்கார வேண்டியிருக்கும், வேலை பாதி முடிந்த மாதிரி. டயர் தளர்வாகவே இருந்தால் இன்னொரு சுற்று டேப் ஒட்டித் திட்டை உயர்த்தலாம்.

பெட் பாட்டிலில் காற்றை ஏற்றித் திறந்துவிடும் வீட்டு வைத்தியம் ஒன்று பரவலாக இருக்கிறது. செய்யாதீர்கள். பாட்டில் வெடித்தால் முகத்தருகே வெடிக்கும். காற்றுத் தொட்டியுடன் வரும் பம்ப் நண்பர்கள் சேர்ந்து ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளத் தகுந்தது.

பெட்ரோல் பங்கிலோ பஞ்சர் கடையிலோ அடித்துக்கொள்ளலாமா?

பஞ்சர் கடைக் கம்ப்ரஸர் நல்லது. பிரெஸ்டாவைக் கார் வால்வாக மாற்றும் சிறிய பித்தளை அடாப்டர் உங்களிடம் இருக்க வேண்டும். அது கோரின் மேல்தான் திருகி நிற்கும், ஆகவே கோரைக் கழற்ற வேண்டாம், நுனியை மட்டும் தளர்த்துங்கள். கடைக்காரர் லாரி டயர் பழக்கத்தில் அடிப்பார். ஒரு நொடி விட்டு நிறுத்தி, மறுபடி ஒரு நொடி என்று அடிக்கச் சொல்லுங்கள். சத்தம் வந்ததும் போதும்.

பங்கில் உள்ள டிஜிட்டல் மெஷின் விட்டுவிட்டு அடித்து அழுத்தத்தை அளக்கும். காற்றே இல்லாத டயரில் அதனால் எதையும் உட்கார வைக்க முடியாது.

சீலன்ட் எவ்வளவு ஊற்ற வேண்டும்?

29 இன்ச், 2.25 அகல டயருக்கு 90 முதல் 120 மி.லி. 27.5 இன்ச்சுக்கு 80 முதல் 100. 700சி-யில் 40 மி.மீ. அகலத்துக்கு 50 முதல் 60, 28 மி.மீ. ரோடு டயருக்கு 30 முதல் 40. புது டயர் என்றால் முதல் முறை 20 மி.லி. கூடுதலாக விடுங்கள். பக்கச் சுவரின் நுண்துளைகள் அவ்வளவைக் குடித்துவிடும்.

பாட்டிலை ஒரு நிமிடம் நன்றாகக் குலுக்குங்கள். ஓட்டையை அடைக்கும் துகள்கள் அடியில் படிந்திருக்கும், குலுக்காமல் ஊற்றினால் மேலே உள்ள தண்ணீர்தான் டயருக்குள் போகும். வால்வைக் கடிகாரத்தின் 4 மணி நிலையில் வைத்துச் சிரிஞ்சால் ஏற்றி, கோரைப் பொருத்திக் காற்றடியுங்கள். பிறகு சக்கரத்தை இரு கையாலும் பிடித்து, பக்கவாட்டில் சாய்த்துச் சாய்த்துச் சுற்றுங்கள். பக்கத்துக்கு ஐந்து நிமிடம் படுக்கப் போட்டுவிட்டு, உடனே 15 நிமிடமாவது ஓட்டுங்கள். ஓட்டினால்தான் சீலன்ட் எல்லா இடத்துக்கும் போகும்.

மோட்டார் பைக் டியூப்லெஸ் டயருக்கு ஊற்றும் ஜெல் விலை மலிவு. அதை ஊற்றலாமா?

வேண்டாம். அது கெட்டியானது. பைக்கின் வேகத்துக்கும் சூட்டுக்கும் தடித்த டயருக்கும் என்று கலந்தது. சைக்கிள் டயரின் மெல்லிய பக்கச் சுவர்த் துளைகளையும் பீட் ஓரத்தையும் அடைக்க, பால்போல் ஓடும் லேடெக்ஸ் சீலன்ட் வேண்டும்.

பைக் பஞ்சருக்குச் சொருகும் தடித்த ஸ்ட்ரிப்பும் அப்படித்தான். அதற்கான ஊசியைக் குத்தினாலே சைக்கிள் டயரில் ஓட்டை இரண்டு மடங்காகிவிடும். 1.5 முதல் 3.5 மி.மீ. வரை தடிமனுள்ள சைக்கிள் பிளக்கை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

இரவு அடித்த காற்று காலையில் இல்லை. எங்கே போகிறது?

முதல் இரண்டு நாள் கொஞ்சம் குறைவது இயல்பு. அதன் பிறகும் ஓர் இரவில் 5 பி.எஸ்.ஐ.க்கு மேல் போனால் தேடுங்கள்.

தெளிப்பானில் சோப்புத் தண்ணீர் எடுத்துக்கொண்டு சக்கரத்தை மெதுவாகச் சுற்றித் தெளியுங்கள். குமிழி எங்கே வருகிறது என்பதே பதில். பக்கச் சுவரில் குருணைபோல் சின்னச் சின்னக் குமிழிகள் பரவலாக வந்தால் சீலன்ட் இன்னும் அங்கே போய்ச் சேரவில்லை. அந்தப் பக்கம் கீழே இருக்குமாறு படுக்கப் போட்டுவிட்டு மறுநாள் பாருங்கள். பீட் ஓரத்தில் வந்தால் அந்த இடத்தைக் கீழே வைத்துக் குலுக்குங்கள்.

ஸ்போக் நிப்பிளிலிருந்து (ஸ்போக்கை ரிம்மோடு பிடிக்கும் சிறிய நட்டு) குமிழியோ வெள்ளைச் சீலன்ட்டோ கசிந்தால் குற்றவாளி டேப்தான். இங்கே பலர் ஏமாறுகிறார்கள். காற்று டேப்பின் ஓட்டை வழியாக ரிம்முக்குள் போய், ரிம் முழுக்க ஓடி, எங்கோ ஒரு நிப்பிளில் வெளியே வரும். குமிழி வரும் நிப்பிளுக்கு நேர் மேலே டேப் நன்றாகவே இருக்கலாம். ஆகவே முழு டேப்பையும் உரித்துப் புதிதாக ஒட்டுங்கள். அதிகம் கிழிவது வால்வு ஓட்டையைச் சுற்றித்தான். வால்வின் அடியில் மட்டும் கசிந்தால் நட்டைக் கால் சுற்று இறுக்கிப் பாருங்கள், நிற்கவில்லையென்றால் அடி ரப்பரின் வடிவம் உங்கள் ரிம்முக்குப் பொருந்தவில்லை. வட்டம், சதுரம், நீள்வட்டம் என்று வெவ்வேறு வடிவங்களில் ரப்பர் வரும்.

எத்தனை பி.எஸ்.ஐ. வைக்க வேண்டும்?

70 கிலோ எடையுள்ளவருக்கு, 29 இன்ச் 2.25 டயரில் முன்னே 20 முதல் 22, பின்னே 23 முதல் 25. 700சி 40 மி.மீ. என்றால் முன்னே 32, பின்னே 35. 28 மி.மீ. ரோடு டயருக்கு முன்னே 60 முதல் 65, பின்னே 65 முதல் 70. எடை கூடக் கூட அழுத்தத்தையும் கூட்டுங்கள். தொடக்கப் புள்ளிதான் இது. அங்கிருந்து 1, 2 பி.எஸ்.ஐ. மாற்றிப் பார்த்து உங்களுக்கு ஏற்றதைக் கண்டுபிடியுங்கள். பம்பில் உள்ள முள் மானி இவ்வளவு நுணுக்கமாகக் காட்டாது. தனி டிஜிட்டல் மானி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

மேட்டுப்பாளையத்தில் காற்றடித்து ஊட்டி ஏறினால் அழுத்தம் கூடுமா, குறையுமா?

இரண்டு விஷயங்கள் எதிரெதிராக வேலை செய்கின்றன. மேட்டுப்பாளையம் சுமார் 330 மீட்டர் உயரம், ஊட்டி சுமார் 2,240 மீட்டர். வெளிக்காற்றின் அழுத்தம் கீழே ஏறக்குறைய 14.1 பி.எஸ்.ஐ., மேலே 11.2. மானி காட்டுவது உள்ளுக்கும் வெளிக்குமான வித்தியாசத்தை. ஆகவே ஏறி வந்ததாலேயே மானியில் சுமார் 3 பி.எஸ்.ஐ. கூட வேண்டும். ஆனால் கீழே 34 டிகிரி, மேலே 12 டிகிரி என்றால் குளிரால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும்.

கீழே 25 பி.எஸ்.ஐ. வைத்த மலை சைக்கிள் டயர் ஊட்டிக் குளிரில் மறுபடி 25 அளவிலேயே நிற்கும். இரண்டும் சரிக்குச் சரி. அதே டயரை ஊட்டியில் மதிய வெயிலில் நிறுத்தி ரப்பர் சூடேறினால் 28 காட்டும். 65 பி.எஸ்.ஐ. வைத்த ரோடு டயர் கதை வேறு. அழுத்தம் அதிகமாக இருப்பதால் குளிரின் பங்கும் அதிகம், ஊட்டியில் 62 அளவுக்கு இறங்கும். எதுவானாலும் டயர் நிழலில் ஆறிய பிறகு அளந்து சரிசெய்யுங்கள்.

வழியில் முள் குத்தியது. என்ன செய்வது?

எந்த முள் என்பதைப் பொறுத்தது. மேட்டுப்பாளையம், மசினகுடி பக்கம் நெருஞ்சியும் வேலி முள்ளும். இவை நேராகக் குத்தும், ஓட்டை சிறியது, சீலன்ட் பார்த்துக்கொள்ளும். முள் உள்ளேயே இருந்து காற்றும் போகவில்லையென்றால் பிடுங்காதீர்கள், வீட்டில் போய்ப் பிடுங்கலாம்.

தேயிலைத் தோட்டத்தில் ஆபத்து வேறு. கவாத்து முடிந்த வயலோரப் பாதையில் சாய்வாக வெட்டிய குச்சிகள் கிடக்கும். காய்ந்த தேயிலைக் குச்சி ஆணிக்குச் சமம், பக்கச் சுவரைக் கிழித்துவிடும். கவாத்து நடக்கும் காலத்தில் அந்தப் பாதைகளை விட்டுச் சுற்றிப் போவதே மேல்.

சீலன்ட் பீய்ச்சி அடித்துக்கொண்டே இருந்தால் ஓட்டையைக் கீழே கொண்டுவந்து நிறுத்தி முப்பது நொடி பொறுங்கள். சீலன்ட் அங்கே தேங்கி அடைக்கப் பார்க்கும். அடைக்காவிட்டால் பிளக். காற்று முழுக்கப் போவதற்குள் சொருகுங்கள், டயர் விறைப்பாக இருந்தால்தான் ஊசி இறங்கும். பிளக்கை ஊசிக் கண்ணில் பாதிவரை கோத்து, நேராகக் குத்தி, ஒரு செ.மீ. வெளியே நிற்கும்போது நிறுத்தி, ஊசியைத் திருகாமல் சட்டென்று இழுங்கள். பிளக் உள்ளே நின்றுவிடும். வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைப் பாதியாக வெட்டினால் போதும், மிச்சம் சாலையில் தேய்ந்துவிடும்.

பிளக்கும் நிற்கவில்லையென்றால்?

டியூப் போட வேண்டும். ஆகவே டியூப்லெஸ் போட்ட பிறகும் ஒரு டியூபும் கைப்பம்பும் எப்போதும் கூடவே இருக்கட்டும். வால்வைக் கழற்றிப் பத்திரப்படுத்துங்கள். கிழிசலின் உள்பக்கம் பழைய டயரிலிருந்து வெட்டிய ஒரு துண்டை வையுங்கள், இல்லாவிட்டால் டியூப் பிதுங்கி வெடிக்கும்.

ஒன்றை மறக்கவே கூடாது. டயரின் உள்பக்கம் முழுக்க விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். மாதக்கணக்கில் சீலன்ட் அடைத்து வைத்த முட்களின் முனை அங்கங்கே நீட்டிக்கொண்டிருக்கும். டியூப்லெஸ்ஸாக இருந்தவரை அவற்றால் தொல்லையில்லை. டியூப் போட்ட பத்தாவது நிமிடத்தில் அவற்றில் ஒன்று குத்தும்.

வளைவில் திரும்பும்போது “புஸ்” என்று காற்று போகிறது.

அழுத்தம் குறைவு. பக்கவாட்டு விசையில் பீட் ஒரு கணம் ரிம்மிலிருந்து விலகிக் காற்றை விடுகிறது. 3 பி.எஸ்.ஐ. கூட்டுங்கள். கூட்டியும் தொடர்ந்தால் டயர் அந்த ரிம்முக்குத் தளர்வு என்று பொருள், ஒரு சுற்று டேப் உதவும். கல்லட்டிப் பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகள் இதைச் சோதித்துப் பார்க்கும் இடமல்ல. வீட்டருகே மெதுவான வளைவில் சோதியுங்கள்.

ரிம் பிரேக் சைக்கிளில் நீண்ட இறக்கம் இறங்கினால் டியூப்லெஸ் தாங்குமா?

ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது ஏறக்குறைய 1,900 மீட்டர் உயரத்தின் ஆற்றல் முழுவதும் சூடாக வெளியேற வேண்டும். டிஸ்க் பிரேக்கில் அந்தச் சூடு தட்டோடு நிற்கும். ரிம் பிரேக்கில் ரிம்மிலேயே ஏறும், டேப்பின் பசை இளகும், காற்று விரியும். அலுமினிய ரிம் என்றால் பிரேக்கைத் தொடர்ந்து தேய்க்காமல், வளைவுக்கு முன் அழுத்தமாகப் பிடித்து விடுங்கள், முன்னும் பின்னும் இரண்டையும் பயன்படுத்துங்கள். குன்னூரிலும் பர்லியாறிலும் நின்று ரிம் ஆறட்டும். கார்பன் ரிம்மில் ரிம் பிரேக் என்றால் இந்த இறக்கத்துக்குக் கொண்டுவராமல் இருப்பதே எங்கள் ஆலோசனை.

உறைபனிக் காலத்தில் சீலன்ட் உறைந்துவிடுமா?

டிசம்பர், ஜனவரியில் தலைகுந்தா, காந்தல் பக்கம் பூஜ்யத்துக்குக் கீழே போனாலும் நல்ல சீலன்ட்டில் கிளைக்கால் கலந்திருப்பதால் உறையாது. எவ்வளவு குளிர் தாங்கும் என்று பாட்டிலிலேயே போட்டிருக்கும். குளிரில் ஓட்டை அடைபடக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும், அவ்வளவே. பாட்டிலில் தண்ணீர் கலந்து நீர்க்கச் செய்தவர்களுக்குத்தான் பிரச்சினை வரும்.

பம்ப் பிடிக்கிறது, ஆனால் காற்று ஏறவில்லை.

கோரில் சீலன்ட் காய்ந்து அடைத்திருக்கிறது. காற்றடிக்கும்போதும் அளக்கும்போதும் வால்வு அடியில் இருந்தால் இப்படி ஆகும். பக்கவாட்டிலோ மேலேயோ கொண்டுவந்து, சில நொடி பொறுத்து அடியுங்கள். அடைத்த கோரைச் சுத்தம் செய்து நேரம் போக்குவதைவிடப் புதுக் கோர் போடுவது மேல். பையில் இரண்டு வைத்திருங்கள்.

சீலன்ட்டை எத்தனை மாதத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டும்?

சமவெளி வெப்பத்தில் இரண்டு மாதம், ஊட்டிக் குளிரில் மூன்று, நான்கு மாதம். சக்கரத்தைக் காதருகே வைத்துக் குலுக்கினால் திரவம் தளும்பும் சத்தம் கேட்க வேண்டும். இன்னும் சரியாகத் தெரிய, வால்வைக் கீழே வைத்துச் சீலன்ட் அங்கே சேர விடுங்கள். பிறகு காற்றை இறக்கி, வால்வைச் சற்றே பக்கவாட்டில் திருப்பிக் கோரைக் கழற்றி, மெல்லிய கேபிள் டையை உள்ளே விட்டு மறுபடி அடிக்குக் கொண்டுவாருங்கள். வண்டியில் ஆயில் பார்ப்பதுபோல் நனைந்த அளவு தெரியும். நுனி நனையவே இல்லையென்றால் 60 மி.லி. ஏற்றுங்கள்.

வருடத்துக்கு ஒரு முறை டயரைக் கழற்றி, உள்ளே ஒட்டியிருக்கும் ரப்பர்ப் படலத்தையும் உருண்டைகளையும் உரித்தெடுங்கள். மீந்த சீலன்ட்டை ஓடையிலோ சாக்கடையிலோ கொட்டாதீர்கள். இங்கே ஒவ்வோர் ஓடையும் யாரோ ஒருவர் குடிக்கும் தண்ணீர். பழைய பாத்திரத்தில் ஊற்றிக் காயவிட்டால் ரப்பர்த் துண்டாகிவிடும், குப்பையோடு கொடுத்துவிடலாம்.

மழைக்காலம் முழுக்க சைக்கிளை ஓட்டாமல் வைத்தால்?

சீலன்ட் ஒரே இடத்தில் தேங்கிக் காய்ந்துவிடும், காற்று போனால் பீட்டும் திட்டை விட்டு இறங்கிவிடும். முடிந்தால் சுவரில் தொங்கவிடுங்கள், வால்வு மேலே இருக்கட்டும். பதினைந்து நாளுக்கு ஒரு முறை 20 பி.எஸ்.ஐ.க்குக் குறையாமல் காற்றைச் சரிசெய்து, சக்கரத்தை இருபது சுற்று சுற்றிவிடுங்கள். மீண்டும் ஓட்ட எடுக்கும்போது முதலில் கேபிள் டையால் சீலன்ட்டைப் பாருங்கள், அடுத்து நிப்பிள்களில் வெள்ளைக் கசிவு உண்டா என்று பாருங்கள், பிறகு காற்றடியுங்கள்.